தேதி சொன்னால் உத்தமர்

தெருவின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு போலத் தூவியிருந்தால், யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்தப் பவுடரைத் தூவச் சொன்னவர் யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? அவர் ஒரு தனி இனம். கெட்டவர் இல்லை. நல்லது செய்ய அவருக்கு மனசு நிறைய உண்டு. தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பதினாலாம் தேதி என்று சொல்லிவிட்டீர்களா, பதினாலாம் தேதி அவரைப் போல் ஓர் உத்தமரை ஜில்லா முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பதினைந்தாம் தேதி மட்டும் போய் நிற்காதீர்கள்.

இந்த இனத்துக்குக் கலப்படமில்லாத மாதிரி வேண்டுமென்றால், தருமபுரிக்கு வெளியே ஒரு தையல் கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருக்கும் டேவிட்ராஜைக் காட்டலாம். அந்தக் கம்பெனி நீச்சலுடை தைக்கிறது. தருமபுரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அங்கே தைக்கும் நூற்றிருபது பெண்களில் கடலைப் பார்த்தவர்கள் வேளாங்கண்ணி போய்வந்த பதினோரு பேர். அவர்களும் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் துணி கடலிலிருந்து வருகிறது. கிழிந்த மீன்வலைகளை உருக்கி, நூலாக்கி, நெய்த துணி. தைத்து முடித்ததும் ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும்: ‘இந்த உடை கடலை மதிக்கிறது, இதைத் தைத்த கைகளையும் மதிக்கிறது.’ வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் அட்டையைப் படித்த பிறகுதான் விலையையே பார்ப்பார்களாம். அட்டை சொல்வது நிஜமா என்று பார்த்து மதிப்பெண் போட வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வரும். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

தேதி வந்ததும் டேவிட்ராஜ் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள்! மற்ற நாளெல்லாம் காம்பவுண்டுக்குப் பின்னால் கொளுத்தப்படும் வெட்டுத்துணி, பச்சை நீலம் சிவப்பு என்று மூன்று தொட்டிகளில் பிரிந்து பத்திரமாக உட்காரும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும், தாழ்ப்பாளுக்குத் துணையாகச் சோப்பு வரும். நர்சரியிலிருந்து பத்துப் பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்து வாசலில் நிற்கும். ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போர்டு போட்ட அறையிலிருந்து அட்டைப்பெட்டிகள் கிளம்ப, பொம்மைகள் குடியேறும். இதற்கெல்லாம் மேலாக, முதுகுச் சாய்மானமும் மெத்தையும் வைத்த நூற்றிருபது நாற்காலிகள், பிளாஸ்டிக் உறை கூடக் கலையாமல், குடோனிலிருந்து ஊர்வலமாக வரும். மற்ற நாள் எதில் உட்கார்ந்து தைக்கிறார்கள்? ஸ்டூலில்.

“ஏங்க சார், அந்தச் சேரை டெய்லி போட்டா என்னாங்க?” என்று கேட்டாள் கோகிலவாணி. மாரண்டஹள்ளிப் பக்கம் பிறந்து, தருமபுரியில் வாழ்க்கைப்பட்ட பெண். ஐந்து மாதக் கர்ப்பம். சாயங்காலம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மெஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் கேட்பது அது மூன்றாவது தடவை.

“டெய்லி போட்டா அழுக்காயிடும்மா. அப்புறம் அவங்க வர்ற அன்னிக்கு எதைப் போடறது?”

கேலி இல்லை, மனசாரச் சொன்னார். அவள் முகம் வாடியதைப் பார்த்து அவருக்குப் பாவமாகவும் இருந்தது. “கொஞ்சம் பொறுத்துக்கோ, பதினாலாம் தேதி தோ வந்துருச்சு” என்று ஆறுதல் வேறு சொன்னார்.

முதல் நாள் ஒத்திகை. “சந்தோசமா இருக்கீங்களான்னு கேட்டா என்ன சொல்லணும்?”

“சந்தோசமா இருக்கோம்னு சொல்லணுங்க!” என்று நூற்றிருபது குரல்.

“அப்படி ஒண்ணா கத்தக் கூடாது. சின்னம்மா, நீ மட்டும் கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லு. குறையே இல்லேன்னாலும் நம்ப மாட்டாங்க. மாதம்மா, நீ ஒரு குறை சொல்லு. காப்பியில சக்கரை தூக்கலா இருக்குன்னு சொல்லு.”

“நான் காப்பியே குடிக்கறதில்லீங்களே சார்.”

“நாளைக்கு ஒரு நாள் குடி.”

பதினாலாம் தேதி பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பூந்தொட்டியைப் பார்த்தார், தொட்டித் துணியைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு பெண்களைத் தனியறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். நிர்வாகத்து ஆள் உள்ளே இருக்கக் கூடாது. ஆபீஸ் பெண் பிளசி மட்டும் தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்ல. டேவிட்ராஜ் வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். சின்னம்மாள் யோசித்துச் சந்தோஷப்பட்டது கேட்டது. மாதம்மாளின் சர்க்கரையும் சரியாக இறங்கியது. அடுத்தது கோகிலவாணி. முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு தமிழ் நின்றுவிட்டது.

உள்ளே கன்னடம் ஓடியது. கோகிலவாணியின் அம்மா வீட்டில் அதுதான் பேச்சு என்பது ஒத்திகையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அரூரில் வளர்ந்த டேவிட்ராஜுக்கோ கன்னடத்தில் ஓர் எழுத்து தெரியாது. கதவில் காதை வைத்ததில் ‘குர்ச்சி’ என்ற சொல் மூன்று தடவை வந்தது. அது நாற்காலி என்று மட்டும் விளங்கியது. நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டார். “என்னாம்மா சொன்ன?”

“நல்லதாத்தான் சொன்னேனுங்க சார். நீங்க மாசாமாசம் வாங்க, நீங்க வர்ற அன்னிக்குத்தான் இந்தச் சேர் வருது, வயித்துப் புள்ளையோட கொஞ்சம் சாஞ்சு உக்காந்து தைக்க முடியுதுன்னு சொன்னேன். அவங்களைப் புகழ்ந்துதானுங்க சொன்னேன்.”

கார் கிளம்பிப் போனதும் நாற்காலிகள் குடோனுக்குத் திரும்பின. கோகிலவாணி தன்னுடையதைத் தானே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். இந்த இடத்தில் மட்டும் டேவிட்ராஜை நினைத்து நமக்குச் சிரிப்பு வர மறுக்கிறது, கோபம்தான் வருகிறது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. எழுபத்தொன்று! டேவிட்ராஜ் பிளசியிடம் லட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ‘இனி வருகைகள் தேதி அறிவிக்கப்படாமல் நடைபெறும். எந்த நாளிலும், எத்தனை முறையும்.’

“தேதி சொல்லாம எப்படிம்மா வருவாங்க?” என்று பிளசியிடம் கேட்டார். சர்ச்சில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்காமலே கல்யாணம் நடக்கும் என்று யாரோ சொல்லிவிட்டது போல இருந்தது அவருக்கு. மறுநாள் காலை நாற்காலிகளை இறக்கி, சாயங்காலம் ஏற்றினார்கள். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் லோடுமேன் கிருஷ்ணப்பன் கையை உதறிவிட்டார்.

“தெனம் ஏத்தி எறக்க நம்மளால ஆகாதுங்க சார். ஒண்ணு குடோன் உள்ள வைங்க, இல்லைன்னா வெளிய வைங்க.”

டேவிட்ராஜ் கேட்டைப் பார்த்தார். கர்நாடகா நம்பர் போட்ட வண்டி ஒன்று மெதுவாகப் போனது, தக்காளி வண்டிதான். என்றாலும் அவருக்கு வேர்த்துவிட்டது. “வெளியவே இருக்கட்டும்பா.”

ஒரு வாரத்தில் உறைகள் கிழிந்தன. ஒரு மாதத்தில் மெத்தைகள் அழுக்காயின. வானம் இடிந்து விழவில்லை. சோப்பு தீர்ந்தால் அடுத்த சோப்பு வந்தது, வெட்டுத்துணியைக் கொளுத்த யாருக்கும் தைரியம் இல்லை. பாவம், மனுஷன் மூன்று கிலோ இளைத்தார். கோகிலவாணி ஏழாம் மாதம் சாய்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“சார், அவங்க எப்ப வர்றாங்கன்னு தெரிஞ்சுதுங்களா?”

“தெரியலையேம்மா.”

“தெரியாமயே இருக்கட்டுங்க சார்.”

சிரித்தாயிற்றா? நல்லது. இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். விருந்தாளி வந்திருக்கும் அன்று, நாலு பேர் காதில் விழும்படி, அடுப்படியைப் பார்த்து, “நீயும் வந்து உட்காரும்மா, எல்லாரும் சேர்ந்தே சாப்பிடலாம்” என்று மனைவியிடம் அத்தனை கனிவாகச் சொல்பவர்தானே நீங்கள்? யாருமே வராத ஒரு மத்தியானம் அதே வார்த்தையை, அதே குரலில் சொல்லிப் பாருங்கள். அவர் வந்து உட்கார்ந்தால் தப்பித்தீர்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, “யாருங்க வந்திருக்காங்க?” என்று வாசலை எட்டிப் பார்த்தாரானால், உங்களுக்கும் மதிப்பெண் போட்டாயிற்று.