பெயருக்குப் பதில் புள்ளி

பதினான்கு கடிதங்கள் இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை.

டோர்கில் மறுபடியும் புரட்டிப் பார்த்தான். நான்கு வரிப் பாட்டு. அதன் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், புள்ளிகள். சுற்றிலும் கத்தரியால் வெட்டிய இதயங்களும் பிறைகளும். ஒரு மூலையில் காகிதத்தில் செய்த பனித்துளிப் பூ.

பெயர் இல்லாததைக் குறை சொல்ல முடியாது. ஈஸ்டருக்கு முன்னால் அனுப்புகிற சீண்டல் கடிதம் அப்படித்தான் இருக்கும். பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்காவிட்டால், வாங்கியவர் ஒரு சாக்லேட் முட்டை தர வேண்டும். டென்மார்க்கில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆனால் கொடுக்கிறவனுக்காவது எது யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று மழலையர் பள்ளியின் முள்ளெலி அறைப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கடிதம் செய்தவள் அந்த அறை ஆசிரியை மெரெட்டே. டோர்கில் அப்போது பக்கத்து அறைக் குழந்தைகளோடு காட்டில் புழு தேடிக்கொண்டிருந்தான். இன்று காலை மெரெட்டே கேனரித் தீவுகளுக்கு விமானம் ஏறிவிட்டாள். ஒரு சீட்டு மட்டும் இருந்தது.

"கடிதமெல்லாம் தயார். மூணு மணிக்கு அம்மாக்கள் காபிக்கு வருவாங்க. அவங்கவங்க பிள்ளையோடதை அவங்கவங்ககிட்ட குடுத்துடு. ஜமாய்!"

தேடினான். கடிதங்கள் ஜன்னல் திட்டில் கிடைத்தன.

மணி ஒன்றரை.

டோர்கில் தற்காலிக ஆள். நான்கு வருடத்தில் பதினோரு மழலையர் பள்ளி பார்த்துவிட்டான். பிள்ளைகளின் பெயர் மனப்பாடம் ஆகும்போது கிளம்பச் சொல்லிவிடுவார்கள். இங்கே ஆறு வாரம் ஆகிறது. நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. தலைவி சோல்வாய் நேற்று சொல்லியிருந்தார்: "நாளைக்குக் காபி முடியட்டும். சொல்றேன்."

முதலில் பிள்ளைகளிடமே கேட்டான்.

"வில்லாட்ஸ், இது உன்னுதா?"

வில்லாட்ஸுக்கு ஐந்து வயது. கையில் வாங்காமலே பார்த்தான். "இல்ல. என்னுது அழகா இருக்கும்."

"இது?"

"சொன்னேன்ல, அழகா இருக்கும்னு."

"பில், நீ வந்து பாரு."

பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசையை ஒரு சுற்று சுற்றினாள். "என்னுது இதுல இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பாத்தேன்."

பெர்ட்ராம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "இத யாரு வெட்டினது? கத்தரி பிடிக்கவே தெரியல."

"நீயா இருக்கலாம்."

"நானா?" பெர்ட்ராம் சிரித்தேவிட்டான். "டோர்கில், போய்க் கண்ணாடி போட்டுட்டு வா."

பதினான்கு பிள்ளைகளும் கைவிரித்துவிட்டார்கள். டோர்கிலுக்கு ஆச்சரியமாக இல்லை. பதினோரு பள்ளிகளில் பார்த்தவன். கொட்டிய பாலையும் கோணலான வேலையையும் எந்தப் பிள்ளையும் தன்னுடையது என்று சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது புள்ளிகள். எண்ணினான்.

பில் என்றால் டேனிஷ் எழுத்தில் மூன்று. அடுக்கில் மூன்று புள்ளிக் கடிதமே இல்லை. இரண்டு புள்ளியில் ஒன்று இருந்தது. வில்லாட்ஸுக்கு ஏழு, பெர்ட்ராமுக்கும் ஏழு. ஏழு புள்ளியில் ஒன்றுகூட இல்லை. ஒன்பதில் ஒன்று இருந்தது. பதினொன்றில் ஒன்று. பதினோரு எழுத்துப் பெயரை அந்த அறையில் யாருக்கும் வைக்கவில்லை. இரண்டெழுத்துப் பெயரும் இல்லை.

"எண்ணத் தெரியாத வயசு" என்று முணுமுணுத்துவிட்டு டோர்கில் பேனாவை எடுத்தான்.

இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தான். பில் முடிந்தாள்.

இவ்வளவுதானா என்று இருந்தது. நான்கை ஐந்தாக்கினான். ஐந்தை ஆறாக்கினான். கூட்டுவது சுலபம். குறைப்பதில்தான் சிக்கல்.

பதினொன்றில் நான்கு புள்ளிகளின் மேல் புதிதாக ஒரு பூவை வெட்டி ஒட்டினான். வில்லாட்ஸ் ஆயிற்று. ஒன்பதில் இரண்டை ரப்பரால் அழித்தான். தாள் கிழிந்தது. கிழிசலை இதயமாக வெட்டினான். இப்போது இடப்பக்கம் மட்டும் இதயம். வலப்பக்கமும் ஒன்று வெட்டினான். அது பெரிதாகிவிட்டது. அதற்கு ஈடாக இடப்பக்கம் இன்னொன்று.

கால் மணி நேரத்தில் பெர்ட்ராமின் கடிதம் மீன் வலையாகியிருந்தது. ஏழு புள்ளிகள் தப்பின. பாட்டில் மூன்று சொற்கள் தப்பின. நான், உன்னை, முட்டை.

கதவு திறந்தது. சோல்வாய்.

"என்ன வெட்டிக்கிட்டிருக்க?"

"சும்மா. ஓரத்தச் சரி பண்றேன்."

சோல்வாய் கடிதங்களை எடுத்துப் புரட்டினார். புருவம் உயர்ந்தது. "இது யாரோடது? மூணு புள்ளி. பில்லா?"

"பில்தான்."

"போன வாரம் என் கை விரல எண்ணிப் பதினேழுன்னு சொன்னா."

"சொல்லிக் குடுத்தேன்" என்றது டோர்கிலின் வாய். அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"ஏழு. ஏழு. அஞ்சு. ஆறு." சோல்வாய் கடைசிவரை எண்ணினார். "ஒரு தப்புகூட இல்லையே! முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். புள்ளி சரியா இருந்து நான் பாத்ததே இல்ல."

"அப்படிங்களா?"

"எழுபது புள்ளி வைக்கும் ஒண்ணு. வைக்கவே மாட்டேன்னு அழும் ஒண்ணு. இத இப்படியே விடக்கூடாது டோர்கில். ஈஸ்டர் முடிஞ்சதும் திரும்ப வாங்கி நூலகத்துல மாட்டுவோம். பக்கத்துல ஓர் அட்டை. எண்ணத் தெரிந்த முள்ளெலிகள். கீழ உன் பேரு."

"என் பேரு வேண்டாம்."

"ரொம்பத்தான் அடக்கம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

டோர்கில் கத்தரியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

மூன்று மணிக்கு அம்மாக்கள் வந்தார்கள். மழைக்கோட்டுகள் மாட்டப்பட்டன. காபி ஊற்றப்பட்டது. இலவங்கப்பட்டை ரொட்டி சுற்றி வந்தது. பிள்ளைகள் தங்கள் அம்மாக்களின் மடியில் ஏறினார்கள். டோர்கில் ஒவ்வொருவரிடமும் ஒரு கடிதத்தை நீட்டினான்.

பில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இத நான் செய்யல."

அறை முழுக்கக் கேட்டது. டோர்கிலுக்குக் காது சுட்டது.

பில்லின் அம்மா கண்ணடித்தாள். "தெரியும் செல்லம். நீ செய்யவே இல்ல. யாரு அனுப்பியிருப்பா? தபால்காரரா?"

"தெரியாது. நான் இல்ல."

"மூணு புள்ளி இருக்கே. யாரா இருக்கும்?"

"நிஜமாவே நான் இல்லம்மா!"

"நடிப்பப் பாருங்க!" என்றாள் அம்மா எல்லோரையும் பார்த்து.

"நானும் செய்யல" என்றான் வில்லாட்ஸ்.

"நானும்தான்" என்றான் பெர்ட்ராம். "அது என்னான்னே எனக்குத் தெரியாது."

பதினான்கு பிள்ளைகளும் மறுத்தார்கள். பதினான்கு அம்மாக்களும் பூரித்துப்போனார்கள். அனுப்பியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளக் கூடாது. அதுதான் விளையாட்டு. எந்த வருடமும் பிள்ளைகள் இவ்வளவு நன்றாக விளையாடியதில்லை.

மதியத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை டோர்கில் விட்டான். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

வில்லாட்ஸின் அம்மா பல் மருத்துவர். கடிதத்தை விரல் நுனியில் பிடித்துத் திருப்பினாள். "இந்த வளைவு இருக்கு பாருங்க. ஆயிரம் கடிதத்துல கலந்து போட்டாலும் எடுத்துடுவேன். அப்படியே என் கை."

"பூ ரெண்டு ஒட்டியிருக்கான்" என்றாள் பில்லின் அம்மா.

"ஒண்ணோட நிறுத்தத் தெரியாது. அதுவும் நான்தான்."

"நாம வெட்டினா இப்படி வருமா சொல்லுங்க? நேரா வரும், சுத்தமா வரும், உயிர் இருக்காது." பில்லின் அம்மா கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இந்த வெள்ளந்தித்தனம் வளந்தவங்களுக்கு வரவே வராது."

பெர்ட்ராமின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கடிதத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் வழியாக அவள் முகம் முழுதாகத் தெரிந்தது.

"இது என்ன?"

"இதயம்" என்றான் டோர்கில்.

"எது?"

"எல்லாமே."

அவள் ஓர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். "எதுக்கும் கேக்கறேன். பிள்ளைக்கு மனசுல ஏதாவது குறையா?"

"சேச்சே. தாராள மனசு. அவ்வளவுதான்."

"இல்ல, இது அவங்க அப்பா." அவள் பெருமூச்சு விட்டாள். "போன வருஷம் ஒரு திரைச்சீலை மாட்டினாரு. சுவத்துல பதினாறு ஓட்டை. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."

"எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தான்" என்றாள் வில்லாட்ஸின் அம்மா. "நல்லவேளை, இவன் அந்தப் பக்கம் போகல."

எல்லோரும் சிரித்தார்கள். டோர்கிலும் சிரித்தான். பெர்ட்ராமின் அம்மா வலையைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

சோல்வாய் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம். இன்னிக்கு உங்க கையில இருக்கறது வெறும் காகிதம் இல்ல. ஒவ்வொரு பிள்ளையும் தன் பேருல எத்தனை எழுத்துன்னு எண்ணி வச்சிருக்கு. ஆறு வாரத்துல இத சாதிச்சது டோர்கில். ஒவ்வொரு பிள்ளையோட கையும் அவனுக்குத் தெரியும். ஈஸ்டர் முடிஞ்சதும் அவன் நிரந்தரமா நம்மகூடத்தான் இருக்கப் போறான்."

அம்மாக்கள் கைதட்டினார்கள். டோர்கில் தரையைப் பார்த்தான். நான்கு வருடம். பன்னிரண்டாவது இடம். இனிப் பெயர்களை மறக்க வேண்டியதில்லை.

பில் மடியிலிருந்து இறங்கி வந்து அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டோர்கில்."

"சொல்லு கண்ணு."

"அப்ப நான் செஞ்சது எங்க?"

சமையலறைக் கதவு திறந்தது. சமையல்காரி யுட்டே ஒரு பெரிய தட்டோடு வந்தாள். தட்டில் பதினான்கு காகிதங்கள், ஒன்று மேல் ஒன்று ஒட்டாமல் பரப்பியிருந்தன.

"இந்தா தம்பி, நேத்துப் பிள்ளைங்க செஞ்சது. அடுப்பு மேல வச்சேன், பசை நல்லாக் காஞ்சுடுச்சு" என்றவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். "ஏம்மா, செவ்வாய்க்கிழமை அப்பாக்கள் கூட்டத்துல உங்க வீட்டுக்காரங்க பீர் குடிச்சுக்கிட்டே வெட்டினதை எதுக்கு ஆளுக்கொண்ணா வச்சிருக்கீங்க?"