கிளாத்திக்குச் சாட்சி

"கிளாத்தியா? கார்ன்வால் கடல்லயா?" ஹாஸ்கிங் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பீர் தளும்பியது. "குளிர்ல கண்ணு மங்கியிருக்கும்மா உனக்கு. அந்த மீன் இந்தத் தண்ணிக்கு வராது."

லவ்டே பல்லைக் கடித்துக்கொண்டாள். இங்கிலாந்தின் அந்தக் கடலோர ஊரில் நண்டு பிடிப்பவரின் மகள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அலைத்தடுப்புச் சுவரடியில் மூழ்கி, அந்த வெப்பக் கடல் மீனை இரண்டு முறை பார்த்துவிட்டாள். முக்குளிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் அது அவள் பெயரில் ஏறினால், கடலாய்வு வேலை விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதிவேடோ சங்கத் தலைவர் ஹாஸ்கிங் கையில். அவர் பார்க்காத மீன் கடலில் இருக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம்.

"படம் இருக்கா?"

திங்களன்று கேமராவோடு இறங்கினாள். கிளாத்தி நேரே வந்து கேமராவைக் கவ்வியது. படத்தில் பல்வரிசை மட்டும்தான் விழுந்திருந்தது.

"யாரோ கழட்டிப் போட்ட பல்செட்டு," என்றார் ஹாஸ்கிங்.

செவ்வாயன்று விரலை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். விரலையும் கடித்தது. கட்டுத்துணியை அவிழ்த்து ஹாஸ்கிங்கிடம் காட்டினாள்.

"இது நண்டுக் கடி. உங்கப்பாவைக் கேளு."

அப்பாவைக் கேட்டாள், நண்டுக் கூண்டு ஒன்றை. வியாழன் மாலை தூக்கியபோது, உள்ளேயிருந்த நண்டைத் தின்றுவிட்டுக் கிளாத்தி கொழுகொழுவென்று இருந்தது.

கடல்நீர் வாளியில் போட்டு, சங்கம் கூடும் மதுக்கூடத்துக்குச் சுமந்து வந்தாள். வாசலில் நெரிசல். வாளியைச் சமையல்கட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு, கூட்டம் நடக்கும் மாடிக்கு ஓடினாள்.

"சார், மீன் உயிரோட கீழ இருக்கு. வாங்க!"

"உட்காரும்மா. 'இதர விஷயங்கள்' கடைசியிலதான்."

"அது செத்துப் போயிடும் சார்!"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

காணாமல் போன தேநீர்க் கெண்டி மூடியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் ஹாஸ்கிங் எழுந்தார்.

பின்வாசலில் வாளி காலி.

"எங்கம்மா உன் மீனு? பறந்துடுச்சா?"

லவ்டே பதில் சொல்வதற்குள், சமையல்காரி போலித்தோ ஆவி பறக்கும் தட்டோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில் மீன் தோலுரிக்கும் குறடு.

"வாளி நீ வச்சதா, கண்ணு? இன்னிக்குத்தான் உயிரோட வந்திருக்கு. மூணு வருஷமா வியாழக்கிழமைன்னா ஹாஸ்கிங் ஐயாவுக்கு இதே மீன்தான். பதிவேட்டுல ஏத்தினா ஊரே பிடிக்க வந்துடும், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கியிருக்காரு!"