சாம்பசிவம் வீட்டு வெந்நீர்

"தண்ணி நல்லாத்தான் சுடுது. வீடுதான் ஐஸாப் போச்சு," என்றாள் அம்சவல்லி.

குளித்துவிட்டு வந்தவள் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் கம்பளிக் குல்லா என்று அடுப்படியில் நின்றாள். பேசும்போது அவள் வாயிலிருந்து புகை வந்தது.

சாம்பசிவம் சுவரோரம் நின்ற புது மிஷினைப் பார்த்தார். ஆள் உயரத் தொட்டி. அதன் தலையில் ஒரு காற்றாடி. அது மெல்ல உறுமிக்கொண்டு அடுப்படி முழுக்கக் குளிர்காற்றை ஊதியது.

"அதோட வித்தையே அதுதான். காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சி தண்ணிக்குள்ள தள்ளுது. ஒரு பங்கு கரண்டுக்கு மூணு பங்கு சூடு. சூட்டை எடுத்துட்டா மிச்சக் காத்து சில்லுனுதானே இருக்கும்? தண்ணி சுட்டதும் தானா நின்னுடும். யாராச்சும் குளிச்சா திரும்பவும் ஓடும்."

"கேமரன் மலையில இருந்துக்கிட்டு சில்லுக்காத்துக்கு மிஷின் வாங்கின மொத ஆளு நீங்கதான்லா," என்றாள் அம்சவல்லி. "மூணு நாளா தோசை மாவு பொங்கல. பானைய கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் தூங்கவா?"

சாம்பசிவம் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். அவர் இருந்த தொழிலாளர் லயத்தில் ஒரே வரிசையாக இருபது வீடுகள், எல்லாவற்றுக்கும் பழைய வயரிங். குளியலறைக்குக் குளியலறை ஹீட்டர் உண்டு. ஆனால் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால் லயத்துக் கோடியிலிருக்கும் ப்யூஸ் போய்விடும். கொழுந்து எடுத்து, மழையில் ஊறி, விரல் மரத்து வரும் பெண்கள் தலையில் ஷாம்பு நுரையோடு இருட்டில் நின்று, "சாம்பசிவம் அண்ணே!" என்று கத்துவார்கள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார்.

போன தீபாவளியன்று விடிவதற்குள் பதினோரு தடவை ஓடினார். பன்னிரண்டாவது தடவை போட ப்யூஸ் இல்லை. இருபது வீட்டு ஜனமும் தலையில் எண்ணெய் வழிய வாசலில் நின்று நடுங்கியதைப் பார்த்தார். அன்று யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

லீவு நாளில் மலையிறங்கி ஈப்போ நகரத்துக்குப் பஸ் ஏறி, கடை கடையாக விசாரித்து, இந்த மிஷினைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்து மூன்று நாள் தோட்ட மேனேஜர் துரையின் ஆபீஸ் வாசலில் நின்றார். மூன்றாம் நாள் துரை இறங்கி வந்தார்.

"ஒண்ணு மட்டும் வாங்கித் தரேன். உங்க வீட்ல வச்சுப் பாருங்க. ஒரு மாசம். லயத்து ஜனங்க எல்லாரும் வேணும்னு சொன்னா இருபது வீட்டுக்கும் போடலாம். ஒரு வீடு வேணாம்னாலும் மிஷின் கடைக்குத் திரும்பிப் போயிடும்."

இருபது வீட்டு வெந்நீரும் இப்போது இந்த ஒரு மிஷினை நம்பி இருந்தது. மிஷினோ அம்சவல்லியின் தோசைமாவைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சாம்பசிவம் யோசித்தார். தொழிற்சாலையில் ஒதுக்கிப்போட்டிருந்த தகரக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, மிஷினின் மூக்கில் மாட்டி, மறுமுனையை முன் ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார். அடுப்படி கதகதப்பானது. மாவு பொங்கியது. அம்சவல்லி குல்லாவைக் கழற்றினாள்.

மறுநாள் காலை லயத் தலைவர் முனியாண்டி, தோட்டத்து ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரொட்டி வாங்க அந்தப் பக்கம் போனார். உள்ளே அம்சவல்லி குளித்துக்கொண்டிருந்தாள். குழாய் ஊதியது. காற்று நேராகக் கைலிக்குள் புகுந்தது.

முனியாண்டி ஒன்பது முறை தும்மினார். பத்தாவது தும்மல் வராமல் நின்றதில் கோபம் இன்னும் ஏறியது.

"டேய் சாம்பசிவம்! உன் வீட்டுக்குச் சுடுதண்ணி, ஊருக்குச் சளியா? துரை வரட்டும். வேணாம்னு நானே மொத ஆளாச் சொல்றேன்!"

சாம்பசிவம் அன்றே குழாயைப் பின்பக்கம் திருப்பினார். பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. குழாய்க்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு உமாதேவியின் தகரக் கொட்டகைச் சன்னல் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

உமாதேவி பூ வியாபாரம் செய்பவள். திரிங்காப் பூந்தோட்டங்களில் விடியற்காலையில் வாங்கிய பூவைக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டுக் கட்டி, சாயந்தரம் வேலப்பன் லாரியில் ஈப்போவுக்கு அனுப்புவாள். அன்று மத்தியானம் அவள் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, என்ன அநியாயம் இது? கொட்டாய்ல உக்கார முடியல. விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. ரப்பரை பூக்காம்புல மாட்டினேனா, என் விரல்ல மாட்டினேனான்னே தெரியலலா!"

விரலைக் காட்டினாள். மூன்று ரப்பர் வளையம் விரலில்தான் இருந்தது.

சாம்பசிவத்துக்கு மனம் கேட்கவில்லை. மிஷின் ஓடினால்தானே காற்று வரும்? குளித்தால்தானே மிஷின் ஓடும்? வீட்டில் ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே நாள் விட்டு நாள்தான் குளியல்."

"வெந்நீர் மிஷின் வந்த வீட்ல குளிக்கக் கூடாதாம்!" என்று அம்சவல்லி சுவரைப் பார்த்துச் சொன்னாள். கோபம் வந்தால் அவள் சுவரிடம்தான் பேசுவாள்.

மிஷின் அடங்கியது. உமாதேவியின் கொட்டகையில் குளிர் போனது. வெள்ளிக்கிழமை வந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி குகனேஸ்வரன், மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"என்ன சாம்பசிவம், சத்தமே காணோம்? யாரும் பயன்படுத்துறதில்லையா?"

"பயன்படுத்துறோம் கிராணி ஐயா. கொஞ்சமா."

"கொஞ்சமாப் பயன்படுத்தறதுக்கா துரை வாங்கிக் கொடுத்தாரு? இன்னும் மூணு வாரத்துல அவர் வந்து பார்ப்பாரு. நான் உள்ளதைத்தான் எழுதணும்," என்று நோட்டில், 'பயன்பாடு குறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்.

குளித்தால் பக்கத்து வீடு வேண்டாமென்று சொல்லும். குளிக்காவிட்டால் கிராணி சொல்லுவார். மறுநாள் காலை சாம்பசிவம் ஸ்பேனரோடு பின்பக்கம் போனார். குழாயின் முதல் நட்டைத் தளர்த்தினார். தீபாவளிக்கு வாசலில் நின்ற எண்ணெய்த் தலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அண்ணே, என்ன செய்யிறீங்க?"

உமாதேவி நின்றாள்.

"கழட்டுறேம்மா. உனக்கு ஏன் கஷ்டம்?"

"யாரு கழட்டச் சொன்னா?"

"நீதானே அன்னைக்கு..."

"அது அன்னைக்கு! மொதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க," என்றாள் உமாதேவி பதறிப்போய். "ஊருக்காகப் பெரிய காரியம் செய்யிறீங்க. பக்கத்து வீட்டுக்காரி நான் ஒத்தாசையா இல்லாட்டி எப்படி? கட்டுக் கட்டுறதை முன் வாசலுக்கு மாத்திக்கிட்டேன். குழாய் இருந்த இடத்துலயே இருக்கட்டும்." பிறகு அக்கறையோடு கேட்டாள்: "ஆமா, ஏண்ணே உங்க வீட்ல யாரும் குளிக்கிறதில்ல? மூணு நாளா மிஷின் சத்தம் சரியாவே கேக்கல. போயி நல்லா குளிங்க."

சாம்பசிவத்துக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு நல்ல மனசா! உடனே போய் இரண்டு முறை குளித்தார்.

பதினோரு மணிக்கு உமாதேவியின் நாத்தனார் துண்டோடு வந்தாள். "உங்க வீட்டு வெந்நீர் ரொம்ப விசேசமாமே! உமா சொல்லிச்சு." மத்தியானம் திரிங்காப் தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் லாரியிலிருந்து இறங்கினார்கள். அடுத்த நாள் வாளியும் சோப்புப் பெட்டியுமாக வந்து நின்றது வேறு யாருமில்லை, முனியாண்டி.

"கால் வலிக்குச் சுடுதண்ணி நல்லதாம்ல? உமா சொல்லிச்சு," என்றார், தும்மியது யாரோ என்பது போல.

ஒரே வாரத்தில் சாம்பசிவத்தின் குளியலறை வாசலில் வரிசை நின்றது. உமாதேவி தன் செலவில் சோப்பு வாங்கி வைத்தாள். நேர அட்டவணை ஒன்றும் எழுதி ஒட்டினாள். காலை பத்திலிருந்து மூன்று மணிவரை, இருபது நிமிடத்துக்கு ஒரு ஆள். ஒரு ஆள் வரத் தவறினால் அவளே கொட்டகையிலிருந்து ஓடிவந்து, "அடுத்தது யாரு? சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்தினாள்.

காத்திருந்தவர்களுக்குச் சாம்பசிவம் பாடம் நடத்தினார். "காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சி..." என்று ஆரம்பித்தால் வரிசையே சேர்ந்து, "ஒரு பங்கு கரண்டுக்கு மூணு பங்கு சூடு!" என்று முடித்தது.

"எனக்கு என்னமோ சரியாப் படல," என்றாள் அம்சவல்லி. "முனியாண்டி அண்ணன் கோயில் திருவிழாவுக்குத்தான் முழுசாக் குளிப்பாரு. நேத்து உமா கூப்பிட்டுக் கூப்பிட்டு மூணு தடவை குளிச்சாரு. மூணாவது தடவை அழுதுகிட்டே போனாரு."

"சந்தோசத்துல அழுதிருப்பாரு. நல்ல பொருளுக்கு விளம்பரம் தேவையில்ல."

"உமா ஒருத்தியே போதும். ஆமா, நீங்க குளிச்சு எத்தனை நாளாச்சு?"

நாலு நாளாக அவருக்கு முறை கிடைக்கவில்லை.

ஆனால் சாயந்தரங்கள் நிஜமாகவே மாறியிருந்தன. ஐந்து மணிக்கு மலை இறங்கிவரும் பெண்கள் கொழுந்துக் கூடையை எடையில் போட்டுவிட்டு நேராக இங்கே வந்தார்கள். கோடி வீட்டு மலர் ஒரு நாள் ஈரத் தலையைத் துவட்டியபடி வாசலில் நின்றாள்.

"ஷாம்பு போட்டு முழுசா அலசினேண்ணே. லைட் போகல. உங்களைக் கூப்பிடவே வேண்டியதில்லாமப் போச்சு."

சாம்பசிவம் அன்று சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் காதில் விழுந்த நல்ல வார்த்தைகளில் அதுதான் பெரிது என்று அவருக்குப் பட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் துரை வந்தார். கூடவே கிராணி. லயமே வாசலில் கூடியிருந்தது. துரை குளியலறைக் குழாயைத் திறந்து விரலை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார். ப்யூஸ் பெட்டியைப் பார்த்தார். கிராணியின் நோட்டைப் புரட்டினார்.

"ஒரு நாளைக்கு இத்தனை குளியலா?"

"நானே கூட்டிப் பார்த்தேன் துரை," என்றார் கிராணி. "தப்பில்ல."

துரை ஜனங்களைப் பார்த்தார். "யாருக்காவது வேணாம்னு இருக்கா? இப்பவே சொல்லிடுங்க."

முனியாண்டி முன்னே வந்தார். தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் நுனியெல்லாம் கொத்தவரங்காய் வற்றல் மாதிரி சுருங்கியிருந்தது.

"துரை, நான் இதை வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன். இப்ப நான் சொல்றேன், இது மாதிரி இன்னொரு மிஷின் உலகத்துல இல்ல. இருபது வீட்டுக்கும் வேணும். சீக்கிரம் போட்டா ரொம்பப் புண்ணியம். ஆளாளுக்கு அவங்கவங்க வீட்ல குளிச்சுக்குவோம்."

"வேணும், வேணும்!" என்றது லயம்.

துரை சிரித்தார். "எழுதுங்க கிராணி. இருபது வீடு." பிறகு சாம்பசிவத்தின் தோளைத் தட்டினார். "படிச்ச எஞ்சினியருங்க செய்யாததை நீங்க செஞ்சிருக்கீங்க. ஜனங்களே தேடி வந்து குளிக்கிற மாதிரி பண்ணியிருக்கீங்க."

கைதட்டல் எழுந்தது. உமாதேவி கொட்டகைக்குள் ஓடி, ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்தாள். அப்போதுதான் செடியில் பறித்ததுபோல் இதழ்கள் விறைப்பாக நின்றன. அவள் மாலையைப் போட்டபோது கழுத்தெல்லாம் ஜில்லென்றது. சாம்பசிவத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பெருமையில்தான் என்று நினைத்துக்கொண்டார். அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாராவது பேசச் சொல்வார்கள் என்று அவர் தொண்டையைக் கனைத்தார்.

அந்த நேரம் பின்பக்கத்திலிருந்து லாரிக்கார வேலப்பன் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"உமாக்கா, எல்லாரும் இங்க வந்து நின்னுட்டா எப்படிலா? மிஷின் நின்னு ஒரு மணி நேரமாச்சு, கொட்டாய்ல குளிர் கொறைஞ்சு போச்சு, ஈப்போ பூவெல்லாம் வாடப் பாக்குது. யாராச்சும் ஒருத்தர் சீக்கிரம் ஓடிப்போயி குளிங்க!"