தலைவரின் கணுக்கால்

ஒரு தலைவனின் கால் முறிந்தால் ஒரு சமூகமே நடை தளரும். வரலாறு இதைப் பலமுறை கண்டிருக்கிறது. சுவிசின் பீல் நகரத் தமிழர் பண்பாட்டுப் பேரவையின் தலைவர் யோகராஜாவுக்கு முறிந்தது இடது கணுக்கால். தனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைச் சுவரில் இன்னும் கொஞ்சம் உயரத்தில் மாட்டுவதற்காகக் குசினிக் கதிரையில் ஏறியிருந்தார். கதிரை ஒத்துழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தகடும் ஆறு திருகாணியும் வைத்து, மேலே பிளாஸ்டரும் போட்டு, ஆறு கிழமைக்குக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி மூன்றாம் மாடியிலுள்ள அவருடைய வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மனைவி இறந்து நாலு வருடம். வீட்டில் அவரும் அந்தப் படமும்தான்.

அன்று பின்னேரமே பேரவையின் வாட்ஸ்அப் குறூப்பில் அறிக்கை வெளியானது.

"அன்பார்ந்த உறவுகளே! உங்கள் தலைவன் சிறு விபத்துக்குள்ளாகி ஓய்வில் இருக்கிறான். எவரும் பதற்றமடையவோ, சிரமப்பட்டு நேரில் வரவோ வேண்டாம்."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதன் பொருள் தெரியும். வரவேண்டாம் என்றால், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று அர்த்தம். அப்பிளோடும் முந்திரிகைப்பழத்தோடும் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் வந்து, "ஏன் அண்ணை கதிரையில ஏறினனீங்கள்?" என்று ஆளுக்கொரு தரம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அதுதான் முறை.

அந்தக் குறூப் தலைவர் தன் கையால் தொடங்கியது. பழைய குறூப்பில், பொங்கல் விழாவில் தலைவர் உரை ஏன் ஒன்றேகால் மணித்தியாலம் போனது என்று ஒருவர் கேட்டுவிட்டார். தலைவர் அன்றே, "கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் இணையவும்" என்று அதிலிருந்த நூற்றி நாற்பது பேருக்கும் புதியதற்கு இணைப்பை அனுப்பிவிட்டு வெளிநடப்புச் செய்தார். அதில் தலைவர் மட்டுமே எழுதலாம். எட்டு மாதமாக ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இப்படியொரு ஒழுக்கமான சபை சுவிசிலேயே கிடையாது என்று அவருக்குப் பெருமை.

மகள் லக்சாயினி லுசேர்ணிலிருந்து போனில் கதைத்தாள். அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்பில் அவளுக்கு வேலை.

"அப்பா, சனிக்கிழமை தொடக்கம் எனக்கு ஒரு கிழமை லீவு. வந்து நிக்கட்டோ?"

"நீ வந்து என்ன செய்யப்போறாய் பிள்ளை? வீடு நிறையச் சனமாயிருக்கும். உனக்குப் படுக்க இடமிராது."

"அவ்வளவு பேர் வருவினமோ?"

"பின்னே? நான் என்ன சாதாரண ஆளே?"

"சரியப்பா. சனம் குறைஞ்சாப்போல சொல்லுங்கோ, வாறன்."

சனிக்கிழமைக்குத் தலைவர் கடையில் சொல்லி எண்பது மட்டன் றோல்ஸ் எடுப்பித்தார். பெட்டியைக் கொண்டுவந்த எரித்திரியாக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு, "பார்ட்டியா?" என்று கேட்டான்.

"சந்திப்பு" என்றார் தலைவர்.

பிளாஸ்டருக்கு மேலால் வேட்டி கட்டி, ஊன்றுகோல் இரண்டையும் கண்ணில் படும்படி சாத்திவைத்துவிட்டு, சோபாவில் காத்திருந்தார். ஏழு மணிவரை ஒருவரும் வரவில்லை. நாலு றோல்ஸை அவரே சாப்பிட்டார்.

பிழை தன்னுடையதுதான் என்று இரவு யோசித்துக் கண்டுபிடித்தார். சனம் சுவிஸ்காரராக மாறிவிட்டது. நேரம் குறிக்காமல் எவனும் எங்கும் போகமாட்டான். உடனே இரண்டாவது அறிக்கை போனது: "பார்வையாளர் நேரம் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை. ஒரு தடவையில் ஐவருக்கு மேல் வேண்டாம். நெரிசலைத் தவிர்ப்போம்."

நெரிசல் தவிர்க்கப்பட்டது.

வந்தது சாருஜா மட்டும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, வீட்டுப் பராமரிப்புச் சேவையில் தாதி. இரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து அவருடைய வயிற்றில் ஊசி போடுவாள். பிறகு பத்து நிமிடம் இருந்து கதைப்பாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தலைவர் ஏழு மணிக்கே சவரம் செய்துவிடுவார்.

"அங்கிள், உங்களைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லையோ?"

கேள்வி ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

"நீர் காலமை வாறீர். சனம் பின்னேரம் வாறது."

சொன்னால் போதாது, சாட்சி வேண்டும். அன்று பின்னேரம் தலைவர் ஒற்றைக்காலில் நின்று தேத்தண்ணி ஊற்றினார். ஆறு கோப்பைகள். ஆறையும் தானே குடித்து, மேசையைச் சுற்றி அங்குமிங்குமாக வைத்தார். மறுநாள் ஒன்பதாக்கினார். ஒரு கோப்பையைப் பாதியில் வைத்தார், அவசரக்காரர் ஒருவர் வந்து போனதாக இருக்கட்டும் என்று.

"அம்மாடி, நேற்று ஒன்பது பேரோ?" சாருஜா வியந்தாள்.

"ரெண்டு பேர் குடிக்க மாட்டன் எண்டிட்டினம்" என்றார் தலைவர்.

மகள் மறுபடி போன் எடுத்தாள். "அப்பா, இன்னும் சனமோ?"

வா பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே ஒன்பது கோப்பைகள்.

"குறையேல்லை."

"அப்ப சரி. மிச்ச லீவை நான் இன்னொரு பிள்ளைக்கு மாத்திக் குடுக்கிறன். இனி எனக்கு அடுத்த மாதம்தான்."

அன்று தலைவர் ஒரு பெரிய விட்டுக்கொடுப்புச் செய்தார். குறூப்பின் பூட்டைத் திறந்து, "இன்றுமுதல் எல்லோரும் எழுதலாம். கேள்விகளும் கேட்கலாம்" என்று அறிவித்தார். சனநாயகம் மலர்ந்து இரண்டு நாள் ஆகியும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பொங்கல் உரையைப் பற்றிக்கூட.

வெள்ளிக்கிழமை சாருஜா ஊசியைப் போட்டுவிட்டு ஒரு கடதாசியை நீட்டினாள்.

"அங்கிள், இண்டையோட நான் வாறது முடிஞ்சுது. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

"கால் இன்னும் மாறேல்லையே?"

"ஊசி இன்னும் போடத்தான் வேணும். ஆனா உங்களுக்கு உதவிக்கு நிறைய ஆக்கள் எண்டு நான்தான் றிப்போர்ட்டில எழுதினன். அவையளில ஒராள் போட்டுவிடலாமாம்."

"எவை?"

"இஞ்ச வந்து தேத்தண்ணி குடிக்கிறவை."

தலைவர் பேனையை எடுத்தார். வைத்தார்.

"அதெல்லாம் நான் குடிச்சது பிள்ளை."

"ஒன்பதுமோ?"

"ஓம்."

"அதுதான் நித்திரை வரேல்லை எண்டனீங்களோ?"

"நித்திரை அதால இல்லை." கடதாசியைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை எடுத்தார். "ஒரு கிழமைக்கு மேலாப் போச்சு. நூற்றி நாற்பது பேருக்கு அறிவிச்சனான். ஒருத்தன் ஏனெண்டு கேக்கேல்லை. அவ்வளவு பொல்லாதவனோ நான்? நீர் இந்தப் போனை ஒருக்கா வடிவாப் பாரும். ஆர் ஆர் வாசிச்சிட்டு வராமல் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியவேணும்."

சாருஜா போனை வாங்கினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். குறூப்பின் பெயரை ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், இந்தக் குறூப்பில நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள்."