நன்றியுரை: ஸ்டெபனி

விடுதலையின் விலை, வரியோடு அறுநூற்று நாற்பது டொலர். அடிமை ஒழிப்பு நாள் விழாவுக்கு மண்டபக்காரர் எழுநூற்றுப் பத்தில்தான் தொடங்கினார். துணிக்கடைக்காரரின் மகனான நான், "நூற்றாண்டுக் கணக்காய்க் கஷ்டப்பட்ட சனத்தின்ர நாள், கொஞ்சம் பாத்துப் போடுங்கோ" என்று உருகி எழுபதைக் குறைத்தேன். அடிமை ஒழிப்பு இவ்வளவு மலிவாக முடிந்தது உலகிலேயே மிசிசாகாவில்தான்.

எங்கள் நிறுவனம் பரோட்டாவை உறையவைத்துப் பெட்டியில் அடைத்து விற்கிறது. அதை வாங்கும் பெரிய அங்காடி ஒன்று, இனச் சமத்துவத்துக்கு ஆதாரம் கேட்டுப் படிவம் அனுப்பியது. முதலாளி சச்சிதானந்தன் அண்ணை அன்றே 'சமத்துவக் குழு'வை நிறுவி, என்னைச் செயலாளராக்கி, முதற்கூட்டத்தையும் கூட்டினார். ஓகஸ்ட் முதலாம் திகதி, கனடாவின் அடிமை ஒழிப்பு நாளில், விழா வைத்துப் படத்தோடு படிவத்தை அனுப்புவதென்று முடிவானது.

"எங்களிட்டைக் கறுப்பின ஆக்கள் எத்தினை பேர்?"

"ஸ்டெபனி, அண்ணை."

"ஸ்டெபனியும்?"

"ஸ்டெபனிதான்."

"அப்ப அவ கட்டாயம் படத்தில நிக்கவேணும். ரெண்டு இடத்தில நிண்டா இன்னும் நல்லம்."

ஸ்டெபனி ஜமெய்க்காவில் பிறந்தவர். எங்கள் பொதிகட்டும் பிரிவில் பதினொரு வருடம். சூப்பர்வைசர் பதவிக்கு மூன்று தடவை விண்ணப்பித்திருந்தார். முதல் தடவை, "இஞ்ச வேலை செய்யிறது எல்லாம் தமிழ் ஆக்கள், பாஷை தெரியாமல் எப்பிடி?" என்றார் அண்ணை. தமிழ் பழகிக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவை, பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டோம். எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் தடவை, "நீர் எங்கட குடும்பத்தில ஓராள். குடும்பத்துக்குள்ள என்ன பதவி?" என்று அண்ணை கண்கலங்கினார். வாங்க வந்தவர் காசை எடுக்க எடுக்க விலையை ஏற்றும் இந்த வித்தை, எங்கள் அப்பாவின் துணிக்கடையில்கூட இத்தனை அன்பாக நடந்ததில்லை.

பதவி மறுபடி காலியானது. நான்காவது விண்ணப்பமும் வந்தது. முடிவு விழா மேடையில் வெளியாகும் என்று நானே சுவரில் ஒட்டினேன். ஓகஸ்ட் முதலாம் திகதி ஸ்டெபனி புதுச் சட்டையோடு முன்வரிசையில் அமர்ந்தார்.

மங்கள விளக்கு ஏற்றினோம். வீடு விற்கும் முகவருக்குப் பொன்னாடை; அடைமானத் தரகருக்குப் பொன்னாடை. அடிமைகளுக்காக இருவரும் தலா பத்து நிமிடம் துயருற்றார்கள். அண்ணை சமத்துவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் முழங்கினார். நாற்பத்தோராவது நிமிடத்தில், புதிய சூப்பர்வைசர் தன் மனைவியின் தங்கை மகன் லவன் என்று அறிவித்தார். லவன் வேலைக்கு வந்து ஆறு கிழமை.

'நேரமின்மை காரணமாக' ஸ்டெபனிக்கு நன்றியுரை, இரண்டு நிமிடம். எங்கள் விழாக்களில் நன்றியுரை என்றால் சபை எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போவது மரபு. கதிரைகள் இழுபட்டன.

"சாப்பாடு எங்கயும் ஓடாது, இருங்கோ," என்றார் ஸ்டெபனி, சுத்த யாழ்ப்பாணத் தமிழில். எழுந்தவர்கள் இருந்தார்கள்.

"ராகுலனுக்கு நன்றி. பெட்டிக்குத் திகதி அடிக்க நான் பழக்கினனான்; சூப்பர்வைசராய் வந்தார். கோகுலனுக்கு நன்றி. பழக்கினனான், வந்தார். யோசப்பும் அப்பிடித்தான். அந்தா, குனிஞ்சு எழுதிக்கொண்டிருக்கிற செயலாளருக்கும் நன்றி. கடைக்காரற்ற மகன், ஆனால் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரத் தெரியாது. அவரையும் நான்தான் பழக்கி சூப்பர்வைசராக்கினனான்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"லவன் தம்பி, திங்கக்கிழமை நான் வருவன், என்ர வேலைக்கு. உம்மைப் பழக்க வேற ஆளைப் பாரும்."

"அன்ரி, அப்ப எனக்கு ஆர் காட்டித் தாறது?"

"உம்மட பெரியப்பாவைக் கேளும்."

"அவருக்கு ஒண்டும் தெரியாதே!" லவன் ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

சாப்பாடு ஆறியது. ஒருவரும் வரிசைக்குப் போகவில்லை.

மறுநாள் அங்காடிக்குப் படிவத்தை அனுப்பவேண்டும். "விழா சிறப்பாய் நடந்தது எண்டு மட்டும் எழுதும்," என்றார் அண்ணை. எழுதினேன். ஆனால் வரவும் செலவும் போடாமல் பேனையை மூட எங்கள் வீட்டில் எவரும் பழகவில்லை. கீழே இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்து வைத்தேன்:

எங்கள் ஒரே கறுப்பின ஊழியரிடம் பெற்றது: நான்கு சூப்பர்வைசர்கள், என்னையும் சேர்த்து.

அவருக்குக் கொடுத்தது: இரண்டு நிமிடம்.