மிராசுதார் மீசையும் கரி பஸ்ஸும்

நிறம் பார்த்துச் சூடு சொல்லும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. சிவந்தால் சூடு, சிவக்காவிட்டால் குளிர்ச்சி. அவர்களுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். சிவப்பு தணிந்த இரும்பைப் பட்டறையில் உரிமையோடு எடுப்பார்கள், இஸ்திரிப் பெட்டியின் அடியைத் தடவுவார்கள், பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு இரும்பைத் திட்டுவார்கள்.

ஆர்.எஸ்.மங்கலம் மிராசுதார் சண்முகவேலு இந்த இனத்தின் தலைவர். சுதந்திரம் வந்தும் பெட்ரோல் வந்து சேராத காலம். ராமநாதபுரம் பஸ் கரிவாயுவில் ஓடியது. பின் சன்னலுக்கு வெளியே அந்த வாயுவைத் தரும் ஆளுயரக் கரியடுப்பு. அதை ஒட்டிய கடைசி இருக்கை கூலிக்காரர்களுக்கு. முன் இருக்கை மிராசுதாருக்கும் அவருடைய குடைக்கும். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? யார் கேட்டார்கள்?

அன்று பூமயில் கேட்டாள். அவருடைய வயலில் நாற்று நடுகிறவள். மடியில் வேர்க்குரு வெடித்த கைப்பிள்ளை.

"பிள்ள வெந்து போகுதுய்யா. குடைய மடியில வச்சுக்கிட்டா நாங்க ஒண்டிக்கிருவோம்."

"அடுப்பு கருப்பாத்தானே நிக்குது? செவந்தாத்தான் சூடு."

"அப்ப அய்யா இங்கன வந்து உக்காந்து பாருங்களேன்."

தம் அறிவைச் சோதித்தால் அவருக்குப் பொறுக்காது. எழுந்து போய், தேன்மெழுகு போட்டு இரண்டு கொம்புகளாக நிமிர்த்திய மீசையோடு, பின்பக்கம் திரும்பி அடுப்புக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தார். பூமயில் குடையை நகர்த்திவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

அடுப்புக்கு அவருடைய கொள்கை தெரியாது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி கதிர் வீசிக்கொண்டேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமலே வீசி, சூடு ஏற ஏற இன்னும் அதிகமாக வீசி, நன்றாக முற்றிய பிறகுதான் சிவப்பாகத் தெரியும், அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. கருப்பாக இருந்தால் சும்மா இருக்கிறது என்று யார் சொன்னது?

திருப்பாலைக்குடி வருவதற்குள் இடது கொம்பு சாய்ந்தது. வலதும் துணைக்கு இறங்கியது. மெழுகு உதட்டுக்கு வந்தது.

"மொதலாளி, மீசைக்கு வேர்க்குதே," என்றார் கண்டக்டர் ஹாஜா முகைதீன்.

"அனல் காத்துப்பா."

"காத்து முன்னாலருந்துல்ல பின்னால போகுது? அனலு மட்டும் எதுத்து நீந்தி வருதாக்கும்?"

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. எழுந்தால் சூடு உண்டென்று ஆகிவிடும். எனவே அவர் எழவில்லை. நெற்றி பழுத்தது, புருவம் பொசுங்கியது, "சில்லுன்னு இருக்கு, சில்லுன்னு இருக்கு" என்று ராமநாதபுரம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் பிள்ளை அயர்ந்து தூங்கியது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் வயலிலும் முகம் சிவக்காமல், வாய் திறக்காமல் உழைக்கிறவர்களைக் காட்டி, "அவங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று நீங்கள் சொன்னதில்லையா? எதற்கும் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மீசை இல்லாதவர்கள் புருவத்தைப் பார்க்கலாம்.