கடை திறந்துதான் இருக்கிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே தையல் மெஷின் ரிப்பேர் கடையைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் மகளும் நலமென்றே நம்புகிறேன். போன் செய்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

யாரிடமும் பாடம் கேட்காமல் நானே எழுதி, மேஜைக்கு அடியில் ஒரு பெட்டியில் பதினோரு வருடம் ஓடவிட்ட கடை வெப்சைட்டை, வேகம் போதாது, பாதுகாப்பு போதாது என்று கிளவுடுக்கு ஏற்றினீர்கள். பிறகு எனக்குக் கண் ஆபரேஷன். கடை மூடியிருக்கும் என்று அதில் அறிவிப்புப் போட்டேன். கட்டுப் பிரித்ததும் நீக்கினேன். என் திரையில் போய்விட்டது, வாடிக்கையாளர் போனில் எல்லாம் அப்படியே நிற்கிறது. கேச் என்று ஒன்று பழைய பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டுகிறது என்கிறீர்கள். நேற்று சீருடை தைக்கும் முதலாளி ஐந்து மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வாசல் வழியாகவே எதிர்க்கடைக்குப் போனார். கூப்பிட்டேன். "மூடியிருக்குன்னு போட்டிருக்கே, ஐயா" என்றார், என் முகத்தைப் பார்த்தே.

கேச்சைத் துடைக்க உள்ளே போனால், நான் கட்டிய தளம் என்னையே யார் நீ என்கிறது. பாஸ்வேர்டு போதாதாம், போனுக்கு ஓடிபி வர வேண்டுமாம். என் நம்பரைக் கண்ட இடத்தில் தரமாட்டேன் என்றதால் உங்கள் அத்தை நம்பரைக் கொடுத்தீர்கள். ஓடிபி அவளுக்கு வந்தது. கண்ணாடி தேடிப் போட்டு, முழுதும் படித்து, போனை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு."

நான்தானே கேட்கிறேன் என்றேன்.

"யாரா இருந்தாலும்னு போட்டிருக்கு."

நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவன் நான் என்று நிரூபிப்பதற்குள் ஓடிபி காலாவதி. இப்படி ஆறு தடவை. ஆகவே இந்த கேச், லாகின், கிளவுட் எல்லாவற்றையும் கழற்றி என் பெட்டியிலேயே திரும்ப வையுங்கள். இதில் மறுபேச்சு இல்லை.

போகிற கதவெல்லாம் யார் என்று கேட்காமல் திறக்க, இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறை ஒட்டும்முன் உங்கள் அத்தை இறங்கி வந்தாள். எண்ணைச் சொல்லவில்லை, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே தட்டினாள். துடைத்தாயிற்று. முதலாளி தன்னிடம் மீதியிருக்கும் மூன்று மெஷினை நாளை இங்கே கொண்டுவருகிறார். நகலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற இடத்தில் நீங்கள் ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தீர்கள். நீங்கள் ஏற்றித் திறந்து காட்டிய அன்றே, நல்லதில் என்ன கஞ்சத்தனம் என்று அதை ஒரு வருடமாக மாற்றியவர் பெயரும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. என் பெயர்தான். எழுதியதை அடிக்க மனமில்லை, அனுப்புகிறேன். எதையும் கழற்ற வேண்டாம். உங்கள் அத்தை அந்த வரியைக் கவனிக்கவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள், யாராக இருந்தாலும்.